ஜமால் அண்ணன் வழி கேட்ட இருபத்திரண்டு நாட்கள்

ஜமால் அண்ணன் இறந்துவிட்டார் என்று பத்தே காலுக்கு போன் வந்தது. பத்தரைக்கு அவரே கூப்பிட்டார்.

முதல் போன் அவருடைய மச்சான் காதர். நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கேமரா மாட்டிக்கொண்டு ஏணியில் நின்றிருந்தேன். "மாப்ளே, எங்கடா இருக்க? மச்சான் மௌத்தாயிட்டாரு. கடை ஷட்டரத் தூக்கிட்டு உக்காந்தவரு அப்படியே சாஞ்சிட்டாரு. அஸர் தொழுகைக்கு எடுக்கிறோம். வெரசா வா" என்றான். இறங்கி, பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். வழியில் மறுபடி போன். திரையில் 'குரங்கணி ஸ்டோர்' என்று வந்தது. எடுத்தேன்.

"நான் இன்னும் இங்கதான் இருக்கேன். வழிதான் தெரியல."

அவர் குரல். சந்தேகமே இல்லை. வெட்டினேன். உடனே மறுபடி அடித்தது. வெட்டினேன். மூன்றாவது முறையும் வெட்டினேன். பிறகு அடிக்கவில்லை. நின்றுவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். அது எங்கே போனது என்று அப்போது எனக்குத் தெரியாது.

பள்ளிவாசலுக்குப் போய்ச் சேர்ந்தபோது மண் போடுகிற நேரம். மூன்று பிடி போட்டேன். பாக்கெட்டில் போன் கனமாக இருந்தது.

உங்களில் பலருக்கு அவர் போன் ரிப்பேர்க் கடை ஜமால். சிலருக்கு ஏலக்காய்க் கமிஷன் கடைக் குடும்பத்தில் கணக்குப் பார்க்காமல் ஸ்குரூ டிரைவரைத் தூக்கிக்கொண்டு போன பிள்ளை. எனக்கு அவர் கூடச் சேர்ந்து கோட் எழுதியவர். பாலிடெக்னிக்கை இரண்டாம் வருஷத்தில் விட்டுவிட்டு, என்ன செய்வதென்று தெரியாமல் இன்டர்நெட்டில் கண்டவனையெல்லாம் திட்டிக்கொண்டிருந்த காலத்தில், ஏலக்காய் ஸ்டோருக்கு ஒருவர் எழுதிய புரோகிராமைப் பார்த்தேன். ஸ்டோர் என்றால் மலையில் ஏலக்காயை விறகுச் சூட்டில் காயவைக்கிற கட்டடம். சூடு கொஞ்சம் ஏறினால் காய் பழுத்துப்போகும், குறைந்தால் பச்சை நிறம் போகும். சுவரில் ஒரு சின்ன டப்பா, அதற்குள் ஒரு சிம். சூடு ஏறினால் ஸ்டோர்க்காரருக்கு ஒரு மிஸ்டு கால், இறங்கினால் இரண்டு. அவ்வளவுதான் புரோகிராம். யாரும் பார்க்கலாம், எடுக்கலாம், மாற்றலாம் என்று பொதுவில் போட்டிருந்தார். அதில் ஒரு தப்பு இருந்தது. 'இதை எழுதியவன் கண்ணை மூடிக்கொண்டு எழுதியிருக்கிறான்' என்று கீழே எழுதினேன்.

பத்து நிமிஷத்தில் பதில் வந்தது. "தம்பி, திட்டறதா இருந்தா நேர்ல வந்து திட்டு. டீ வாங்கித் தர்றேன். போடியில கடை."

நான் சிலமலையில் உட்கார்ந்திருந்தேன். அவர் நான்கு மைல் தள்ளி இருந்தார். போய்த் திட்டினேன். டீயும் வாங்கித் தந்தார். அன்று மாலையே அந்த இணையப் பக்கத்துக்கு இன்னொரு சாவியை எனக்குக் கொடுத்துவிட்டார். "திறந்து போட்ட வீட்டுக்குச் சாவி எதுக்குண்ணே?" என்றேன். "எடுக்கிறதுக்குச் சாவி வேணாம்டா. எடுத்துக்கட்டும், பேர மட்டும் விட்டுட்டுப் போகட்டும். உள்ள வந்து கூட்டிப் பெருக்கத்தான் சாவி" என்றார்.

எங்களுக்குள் நடந்ததெல்லாம் சண்டைதான். ஒரு சண்டையை மட்டும் இங்கே சொல்ல வேண்டும். காய் காய்வதற்கு எத்தனை கட்டம், ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு சூடு என்று அண்ணன் ஸ்டோர் ஸ்டோராகப் போய்க் கேட்டு நோட்டில் எழுதிவருவார். போடிமெட்டுக்கு மேலே ஒரு ஸ்டோரில் மலையாளத்துக்காரர் ஒருவர், "ஆத்யம் வெள்ளம் போணம்" என்று சொல்லியிருக்கிறார். கழுவிய காயிலிருந்து முதலில் தண்ணீர் வடிய வேண்டும் என்று அர்த்தம். மலையாளத்தில் வெள்ளம் என்றால் தண்ணீர். அண்ணன் பாதி நாள் கேரளாக்காரர்களோடு பேசுகிறவர், அப்படியே 'முதல் கட்டம்: வெள்ளம்' என்று குறித்துக்கொண்டார். நோட்டைப் பார்த்து இங்கிலீஷில் அடித்தவன் நான். சிலமலைக்காரனுக்கு வெள்ளம் என்றால் ஒன்றுதான் தெரியும். 'ஃப்ளட்' என்று அடித்தேன்.

அண்ணன் பார்த்துவிட்டுச் சிரித்த சிரிப்பில் பக்கத்துப் பழக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

"ஏன்டா, ஸ்டோருக்குள்ள வெள்ளம் வந்தா ஏலக்கா எப்படிடா காயும்? நூஹு நபி கப்பல்லயா கொண்டுவந்து எறக்கப் போறாரு?"

"நீ தண்ணின்னு எழுதியிருக்கணும்ணே."

"நீ கேட்டிருக்கணும்."

"மாத்திக்கோ."

"நான் மாத்த மாட்டேன். நீ பண்ண தப்பு, நீயே திருத்து. அதுவரைக்கும் இருக்கட்டும்."

வீம்புக்கு நானும் திருத்தவில்லை. அந்த மாற்றத்தின் கீழே என் பெயர் மட்டும் நின்றது.

பிறகு டிரையர் மெஷின் விற்கிற ஒரு கம்பெனி இந்த வேலைக்கென்று தனியாக ஒரு புரோகிராம் கொண்டுவந்தது. பேர் வேண்டாம். அதற்கப்புறம் ஒரு நாள் எங்கள் பக்கம் காணாமல் போனது. நான் அப்போது திருப்பூரில் இருந்தேன். போன் அடித்தேன்.

"என்னண்ணே, பக்கத்தையே காணோம்?"

"எடுத்துட்டாய்ங்கடா. அந்தக் கம்பெனிக்காரன் நோட்டீஸ் விட்டுருக்கான். அவன் சரக்க நான் திருடிட்டேனாம்."

"கேக்காமயேவா எடுத்தாய்ங்க?"

"எடுத்துட்டுத்தான் கேப்பாய்ங்களாம். நான் பதில் எழுதறேன். நீ உன் சோலியப் பாரு."

காப்புரிமை நோட்டீஸ் இப்படித்தான் வேலை செய்கிறது. ஒருவன் 'இது என்னுடையது' என்று எழுதிப் போட்டால் போதும், கோட் வைத்திருக்கிற தளம் முதலில் இழுத்து மூடிவிடும். திறக்கவேண்டும் என்றால் நீங்கள்தான் எழுத வேண்டும். எங்கள் பக்கத்திலிருந்து எடுத்துப் பல ஊர்களில் பலர் வைத்திருந்த நகல்களும் ஒவ்வொன்றாக மூடின. அண்ணனின் கணக்கே பூட்டப்பட்டது. தொழுகை நேரம் சொல்கிற கடிகாரம், பழைய தமிழ் எழுத்துருவை மாற்றுகிற சின்னப் புரோகிராம் என்று கம்பெனிக்குச் சம்பந்தமே இல்லாததும் போனது. தேடினால் அவர் பெயர் வந்தது. அமுக்கினால் ஒரு சாம்பல் பக்கம். உரிமை மீறல் புகாரால் நீக்கப்பட்டது என்று ஒரு வரி. உயிரோடு இருந்த மனிதருக்கு அப்படி ஒரு பக்கம். அது நடந்து பத்தாவது நாள் இறந்துவிட்டார். நோட்டீஸ்தான் கொன்றது என்று ஊரில் சொல்கிறார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். அவருக்குச் சர்க்கரை இருந்தது, மாத்திரையை ஒழுங்காகப் போடமாட்டார்.

குரலுக்குக் காரணத்தைப் பஸ்ஸிலேயே யோசித்தேன், இரண்டாம் நாள் கோடில் கண்டுபிடித்தேன். டப்பாக்கள் தினமும் காலை ஆறு மணிக்கு எங்கள் பக்கத்துக்கு வந்து அன்றைய சூட்டு அட்டவணையை வாங்கிப் போகும். பக்கம் கிடைக்காவிட்டால் பழையதை வைத்து ஓட்டும். பத்து நாள் தொடர்ந்து கிடைக்கவில்லை என்றால், நான்கரை மணி நேரம் முயன்றுவிட்டு, போன் போட்டுச் சொல்லும். அதற்கு டப்பாவே பேசுவது போல அண்ணன் தன் குரலைப் பதிந்து வைத்திருந்தார். பக்கம் ஒரு நாளும் படுத்ததில்லை என்பதால் அந்தக் குரலை யாரும் கேட்டதில்லை. அவர் செத்த அன்று பத்து நாள் முடிந்தது. இதெல்லாம் தெரிந்த பிறகும் பத்தரை மணிக்குப் போன் அடித்தால் வெட்டிக்கொண்டுதான் இருந்தேன்.

ஒரு குரங்கணி மட்டுமா? சிக்னல் கிடைக்கக் கிடைக்க மலையில் ஒவ்வொரு ஸ்டோராகப் பேச ஆரம்பித்தது. குவாத்தமாலாவில் ஏலக்காய் போடுகிற ஒருவர், நான் பார்த்தே இராதவர், எனக்கு எழுதினார்: 'எங்கள் ஸ்டோர் போனில் ஒரு மனிதர் தினமும் ஏதோ சொல்கிறார். எங்கள் ஆட்கள் பயப்படுகிறார்கள். என்ன மொழி, என்ன சொல்கிறார்?' பதில் எழுத உட்கார்ந்தேன். நான் இன்னும் இங்கேதான் இருக்கிறேன், வழிதான் தெரியவில்லை. அடித்துவிட்டு அனுப்பாமல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஐந்தாம் நாள் அண்ணன் வீட்டுக்குப் போனேன். மதினி இத்தாவில் இருந்தார். கணவன் இறந்து நான்கு மாதம் பத்து நாள் வெளி ஆண்களைப் பார்க்கமாட்டார்கள். கதவுக்கு அந்தப் பக்கம் நின்று பேசினார்.

"தம்பி, டீ குடிச்சியா?"

"குடிச்சேன் மதினி."

"அவரு தெனமும் வர்றாரு."

எனக்குப் புரியவில்லை.

"கடையிலேர்ந்து பத்தரைக்கு டீ குடிக்க வருவாருல்ல. அதே நேரத்துக்குத்தான் போன் வருது. இன்னும் இங்கதான் இருக்கேங்கிறாரு, வழி தெரியலங்கிறாரு. நேத்து ரெண்டு தடவ."

டப்பா முதலில் ஸ்டோர்க்காரரைக் கூப்பிடும். முழுதாகக் கேட்காமல் வைத்தால் என்னை. நானும் மூன்று முறை வெட்டினால் கடைசி நம்பர் அண்ணன் வீடு. நான் வெட்டிய போன்களெல்லாம் இந்தக் கதவுக்குப் பின்னால்தான் வந்திருந்தன.

"அது மெஷின் மதினி. முன்னாடியே பேசி வச்சது."

"தெரியும் தம்பி. அவருதான் என் முன்னாடி உக்காந்து இதெல்லாம் செய்வாரு, எனக்குத் தெரியாதா? ஆனா வழி தெரியலன்னு ஒரு மனுசன் சொல்றாரு. எதுக்கு நிக்க வச்சிருக்க?"

"ஒவ்வொரு ஸ்டோருக்கும் போயி வேற தளத்தோட வழியப் போட்டு விட்டுர்றேன். ஒரு வாரத்துல குரல் நின்னுரும்."

"கம்ப்யூட்டர்ல இருக்கிற அவரு வீட்டு வாசல்ல திருட்டுன்னு எழுதி வச்சிருக்காய்ங்கன்னு காதர் சொன்னான். அது?"

"அது அப்படியே இருக்கும்."

"அப்ப வேற வீட்டு வழிய ஏன் காட்டற? அவரு வீட்டு வழியக் காட்டு."

கதவிடுக்கில் கடைச் சாவியை வைத்தார்.

கடைக் கம்ப்யூட்டரில் அவர் எழுதிய பதில் பாதியில் கிடந்தது. பெயர், வீட்டு விலாசம், போன் நம்பர். இவை கட்டாயம், கம்பெனிக்கே போகும். பொய் சொன்னால் தண்டனைக்கு உட்படுகிறேன் என்று ஒரு வரி. வழக்குப் போட்டால் அமெரிக்காவில் உள்ள கோர்ட்டுக்குக் கட்டுப்படுகிறேன் என்று ஒரு வரி. அதற்குக் கீழே அவராக எழுதியது: 'இதில் உள்ள ஒவ்வொரு எழுத்தும் நான் ஒருவனே எழுதியது. வேறு யாருக்கும் பங்கு இல்லை.'

அது பொய். கால்வாசி என்னுடையது. எதற்கு இப்படி எழுதினார் என்று கம்பெனியின் நோட்டீஸைப் படித்தபோது தெரிந்தது. திருடியதாக அவர்கள் கொடுத்த பட்டியலில் கட்டங்களின் பெயர்கள் இருந்தன. 'எங்கள் நிறுவனம் சொந்தமாக உருவாக்கிய பெயர்கள்' என்று போட்டிருந்தார்கள். முதல் பெயர்: ஃப்ளட்.

உலகத்தில் எந்த ஏலக்காய் ஸ்டோரிலும் அப்படி ஒரு கட்டம் கிடையாது. மலையாளத்துக்காரர் தண்ணீரைச் சொல்லி, போடிக்காரர் அதை எழுதி, சிலமலைக்காரன் ஒருவன் கேட்காமல் அடித்தால் மட்டும்தான் அந்த வார்த்தை பிறக்கும். என் முட்டாள்தனத்துக்கு அவர்கள் உரிமை கொண்டாடியிருந்தார்கள். யார் யாரிடமிருந்து எடுத்தது என்பதற்கு அந்த ஒரு வார்த்தை போதும். அதைச் சொன்னால் என் பெயரையும் சொல்ல வேண்டும். என்னைக் கோர்ட்டில் இழுத்துவிடக் கூடாதென்று, கையில் இருந்த ஒரே சாட்சியை அண்ணன் எழுதாமல் விட்டிருந்தார். கையெழுத்துப் போடும் இடம் காலியாக இருந்தது.

பழைய கோட் வேண்டும். தளத்தில் எல்லாம் மூடியாகிவிட்டது, என் லேப்டாப் புதுசு, அதிலும் கடைக் கம்ப்யூட்டரிலும் கடைசி வெர்ஷன் மட்டும்தான். முதன்முதலில் மாட்டிய டப்பா குரங்கணி ஸ்டோரில்தான் இருக்கிறது. மறுநாள் காலை ஜீப் ஏறினேன். வேலைக்குப் போகிற பெண்கள் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி என்னை அடையாளம் கண்டுகொண்டாள்.

"ஏப்பா, நீதான அந்தப் போன் டப்பாக்காரன்? செத்தவரு தெனம் கரெக்டா கூப்புடறாரு, எங்க வீட்டுக்காரரு தோட்டத்துலேர்ந்து ஒரு போன் பண்றதில்ல."

எல்லோரும் சிரித்தார்கள். மூன்றாவது வளைவில் பனிமூட்டம் இறங்கி ரோடு மறைந்ததும் சிரிப்பு நின்றது. யாரோ, "அவரு நல்ல மனுசன்" என்று மெல்லச் சொன்னார்கள்.

ஸ்டோர் பார்க்கிற ஒச்சு அண்ணன் டப்பாவைச் சாக்கில் சுற்றி வைத்திருந்தார். ஒயரைப் பிடுங்கவில்லை.

"பிடுங்கலாம்னுதான் பாத்தேன் தம்பி. பக்கத்து எஸ்டேட்டுல பிடுங்கி, ஒரு லோடு காயி பழுத்துப் போச்சு. அதுவுமில்லாம பிடுங்குனா அவரு எங்க போவாரு?"

பத்தரை. உள்ளே விறகுச் சூடு, வெளியே ஒன்றும் தெரியாத வெள்ளை. ஒச்சு அண்ணன் போன் அடித்தது. காதில் வைத்து, வாயைக் கையால் மூடிக்கொண்டு சொன்னார்: "ஆமாண்ணே. இங்கதான் இருக்கீக. தெரியுது. உங்க ஆளு வந்திருக்கான், பாத்துக்குவான்." கொஞ்சம் பொறுத்து வைத்தார்.

"பாதில வச்சாத்தான் மறுபடி அடிப்பாரு. பதில் சொல்லிட்டா வச்சிர்றாரு. 'சரி'ன்னுட்டு வச்சாரு."

பதிவு முழுக்க ஓடி முடிந்தால் மறுபடி அடிக்காது, கோட் அப்படித்தான். நான் ஒருநாளும் முழுக்கக் கேட்டதில்லை. டப்பாவின் கார்டைக் கழற்றி லேப்டாப்பில் போட்டு அந்த ஒலியை ஓட்டினேன். நான் இன்னும் இங்கதான் இருக்கேன். வழிதான் தெரியல. பிறகு பஸ் ஹாரன், எங்கள் தெரு. பிறகு தூரத்தில் இன்னொரு குரல்: "யாருகிட்டண்ணே பேசற?"

அது நான். அப்படிக் கேட்ட ஞாபகமே எனக்கு இல்லை. அவர் பதில் சொல்வதற்குள் பதிவு முடிந்துவிடுகிறது. 'சரி' என்று எங்கேயும் கிடையாது. மூன்று தடவை கேட்டுப் பார்த்தேன். ஒச்சு அண்ணனிடம் சொல்லவில்லை.

கார்டில் பழைய கோட் இருந்தது. வெள்ளம், ஃப்ளட், பக்கத்தில் என் பெயர், தேதி. கம்பெனிப் புரோகிராம் பிறப்பதற்கு வெகு முன்னால்.

அன்று சாயங்காலம் வீட்டில் எழுதினேன். அண்ணனின் கடைசி வரியை அழித்தேன். 'இதில் பங்கு எனக்கும் உண்டு. முதல் கட்டத்தின் பெயர் ஒரு தவறு. அந்தத் தவறைச் செய்தது நான்' என்று தொடங்கி, தண்ணீர் எப்படி வெள்ளமாகி, வெள்ளம் எப்படி ஃப்ளட் ஆனது என்று எழுதி, பழைய கோடைச் சேர்த்தேன். அப்பா பின்னால் நின்றார்.

"கோர்ட்டுன்னு போட்டிருக்கே, எந்தக் கோர்ட்டு? தேனியா, மதுரையா?"

"அமெரிக்காப்பா."

"அதுக்கு பஸ்சு எங்கருந்து?"

"போக வேண்டி வந்தா பாப்போம்."

"படிப்பத்தான் பாதில விட்ட. இதையாச்சும் முடி" என்றுவிட்டுப் போனார். கையெழுத்துப் போட்டேன். பயமாகத்தான் இருந்தது.

கம்பெனி வழக்குப் போடுகிறதா என்று தளம் இரண்டு வாரத்துக்கு மேல் காத்திருக்கும். அத்தனை நாளும் பத்தரைக்கு வந்த போன்களை நான் எடுத்தேன். ஒன்றையும் வெட்டவில்லை. கடைசியில் என் குரல் வருகிற வரை கேட்டுவிட்டு வைத்தேன். சில நாள் பன்னிரண்டு, சில நாள் இருபது. மதினிக்கு ஒன்றும் போகவிடவில்லை; இன்னும் வழி கேட்கிறாரா என்று அவர்தான் தினமும் பதினொன்றுக்கு என்னிடம் கேட்பார்.

அண்ணன் இறந்த இருபத்து மூன்றாம் நாள் காலை பக்கம் திறந்திருந்தது. மன்னிப்பு, விளக்கம் எதுவும் கிடையாது. மூடியது போலவே சத்தமில்லாமல் திறந்துவிட்டார்கள். சாம்பல் பக்கம் இருந்த இடத்தில் அவர் பெயர் இருந்தது. அன்று பத்தரைக்குப் போனைக் கையில் வைத்துக்கொண்டு கடை வாசலில் நின்றேன். அடிக்கவில்லை. பதினொன்றுக்கு அடித்தது. மதினி.

"தம்பி, இன்னிக்கும் நீ எடுத்துக்கிட்டியா?"

"இல்ல மதினி. எனக்கும் வரல."

"அப்ப வீடு போய்ச் சேந்துட்டாரா?"

"சேந்துட்டாரு மதினி."

அவர் அழுததை அன்றுதான் கேட்டேன்.

நோட்டீஸ் வந்து பயந்து பக்கத்தை மூடிவிட்டு ஒதுங்கிய நான்கைந்து பேர் எனக்கு எழுதியிருக்கிறார்கள். அவர்கள் கையில் என்னைப் போல ஒரு தப்பு இருந்திருக்காது. சரியாக எழுதியவனுக்கு நிரூபிக்க ஒன்றும் கிடைப்பதில்லை. கம்பெனி தன் அடுத்த வெர்ஷனில் முதல் கட்டத்தின் பெயரைச் சத்தமில்லாமல் 'வாட்டர்' என்று மாற்றிக்கொண்டது. அதனால் இன்று உலகத்தில் ஏலக்காயை வெள்ளத்தில் ஆரம்பிப்பவர்கள் நாங்கள் மட்டும்தான்.

அண்ணனிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இரண்டு. ஒன்று, கடையில் அவர் நாற்காலி. இனி திருப்பூர் இல்லை. இன்னொன்று அந்த வார்த்தை. காலை ஆறு மணிக்குத் திரையைத் திறந்து வைத்துக்கொண்டு உட்காருகிறேன். குரங்கணி, போடிமெட்டு, சாயங்காலமானால் குவாத்தமாலா என்று ஒவ்வொரு டப்பாவாக வந்து அன்றைய அட்டவணையைக் கேட்கிறது. எல்லோருக்கும் முதல் வரியாக அதுவே போகிறது. திருத்த ஒரு நிமிஷம் ஆகாது. நீ பண்ண தப்பு, நீயே திருத்து, அதுவரைக்கும் இருக்கட்டும் என்றார் அவர்.

இருக்கட்டும்ணே.